ஊழியமும் ஞான ஒடுக்கமும்



அயல் வீட்டில் அடுப்பு எரியாதிருக்கையில், நாம் மூன்று நாட்கள் தியான இல்லமொன்றிலே மௌனமாக அமர்ந்திருப்பது நீதியாகுமா? நோயாளரைச் சந்திக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிக்க வேண்டும். பிரிந்திருக்கும் குடும்பமொன்றைச் சேர்த்து வைக்க வேண்டும். இத்தனை வேலைகள் காத்துக் கிடக்கும்போது, "நான் சற்று ஒதுங்கியிருந்து செபிக்கப் போகிறேன்" என்று சொல்பவர் தம் கடமையினின்றும் நழுவுகிறார் அல்லவா?

இக்கேள்வியைக் கேட்பவர்கள் விசுவாசம் குன்றியவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் நல்லவர்களே இதைக் கேட்கிறார்கள். பங்கில் எந்தக் காரியமானாலும் முதலில் வந்து நிற்பவர்கள் அவர்கள். திருவிழாவுக்குப் பந்தல் போடுவதும் அவர்களே. வின்சென்ட் டி போல் சபையார் என்ற முறையில் ஏழைகளின் வீடு தேடிப் போவதும் அவர்களே. மரண வீட்டில் இரவு முழுவதும் விழித்திருப்பதும் அவர்களே. "செய்கிற வேலையே என் செபம்" என்பது அவர்களது வாக்கு.

இவர்களுக்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு சாரார் இருக்கிறார்கள். "உலக வேலை என்றைக்கும் முடியாது, ஆத்துமத்தைக் காப்பதே பெரிது" என்று சொல்லி, ஒரு செபக் கூட்டத்திலிருந்து மறு செபக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். வீட்டிலே வயதான தாய் ஒரு கோப்பை தேநீருக்காகக் காத்திருப்பாள்.

இரு சாராரும் ஒருவரையொருவர் குறை கூறிக்கொண்டாலும், இருவர் மனத்திலும் இருக்கும் எண்ணம் ஒன்றே. ஊழியத்துக்கு ஒரு கணக்கு, செபத்துக்கு வேறொரு கணக்கு. ஒன்றுக்குக் கொடுக்கும் நேரம் மற்றதிலிருந்து பறித்தெடுத்த நேரம் என்பதே அந்த எண்ணம். இது சரிதானா என்று ஆராய்வோம்.

நம் முன்னோர் தியானத்தை 'ஞான ஒடுக்கம்' என்று அழைத்தார்கள். ஒடுங்குவது என்றால் ஓடிப்போவதல்ல. நாலா திசையிலும் சிதறிக் கிடக்கும் மனத்தை ஓரிடத்திற் கூட்டிச் சேர்ப்பதே ஒடுக்கம். இந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு, முதலில் நம் ஆண்டவர் நடந்த வழியைப் பார்ப்போம்.

ஆண்டவர் நடந்த வழி

மாற்கு நற்செய்தியின் முதலாம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். கப்பர்நாகும் ஊரிலே ஓர் ஓய்வுநாள். யேசு செபக்கூடத்திலே போதிக்கிறார். பேய் பிடித்தவனைக் குணமாக்குகிறார். சீமோன் இராயப்பரின் மாமியாருடைய காய்ச்சலைப் போக்குகிறார். பொழுது சாய்ந்ததும் ஊர் முழுவதும் நோயாளரைத் தூக்கிக்கொண்டு வாசலிலே வந்து நிற்கிறது. மறுநாள் விடியுமுன், இன்னும் இருட்டாயிருக்கும்போதே, அவர் எழுந்து தனிமையான இடம் தேடிப்போய்ச் செபிக்கிறார்.

சீமோன் அவரைத் தேடிக் கண்டுபிடித்து, எல்லாரும் தேடுகிறார்கள் என்று முறையிடுகிறார். நாமாயிருந்தால் உடனே திரும்பியிருப்போம். நம்மை எல்லாரும் தேடுகிறார்கள் என்பதைக் காட்டிலும் இனிமையான செய்தி வேறென்ன இருக்கிறது? ஆனால் அவரோ, அடுத்த ஊர்களுக்குப் போவோம், அதற்காகவே வந்தேன் என்கிறார். தாம் போக வேண்டிய வழி எது என்பதை அவருக்குக் காட்டியது கூட்டத்தின் கூக்குரலல்ல, பிதாவோடு கழித்த அந்த இருட்டு நேரமே. செபிக்காத ஊழியன் யார் உரத்துக் கூப்பிடுகிறார்களோ அவர்கள் பின்னே போவான். மெதுவாய்க் கூப்பிடுகிறவர்கள், அநேகமாய் அவன் சொந்த வீட்டார், கைவிடப்படுவார்கள்.

அதே நற்செய்தியின் ஆறாம் அதிகாரம் இன்னும் நுட்பமானது. ஊழியத்துக்குப் போய்த் திரும்பிய அப்போஸ்தலர்களுக்கு உண்ணவும் நேரமில்லை. தனிமையான இடத்துக்கு வந்து சற்று இளைப்பாறும்படி ஆண்டவரே அவர்களை அழைத்துப் படகிலே ஏற்றுகிறார். ஆனால் மக்கள் கரை வழியே ஓடி முந்திவிடுகிறார்கள். அவர் அவர்களை விரட்டவில்லை. ஆயனில்லாத ஆடுகளைப்போல இருந்தவர்கள்மேல் இரங்கிப் போதிக்கிறார். ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டு ஐயாயிரம் பேருக்கு உணவளிக்கிறார். அதற்குப்பின் நடந்ததை நம்மிற் பலர் கவனிப்பதில்லை. சீடர்களைப் படகேற்றிவிட்டு, மக்களையும் அனுப்பிவிட்டு, அவர் செபிக்க மலைமேல் ஏறுகிறார். தடைப்பட்ட தனிமையை அவர் மறந்துவிடவில்லை, பிற்போட்டார், அவ்வளவே.

செபமாலையைக் கையில் எடுத்ததும் பிள்ளை அழுகிறது, முதல் மணியிலேயே எழுந்து போக வேண்டியிருக்கிறது என்று மனம் நோகும் தாய்மாரே, இந்த அதிகாரம் உங்களுக்காக எழுதப்பட்டது. அழுகிற பிள்ளையிடம் போங்கள், அது பாவமல்ல. பிள்ளை உறங்கியபின் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

கிணற்றைப் பாருங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லினூடே கீழிறங்கி நிலத்துக்கடியில் தங்குகிறது. நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்த நீரையே. அதன் கீழே உவர் நீர் இருக்கிறது. பாரமான உவர் நீரின்மேல் நன்னீர் மிதந்து நிற்கிறது. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனிதனுடைய களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இறைப்பவன் களைத்து நின்றதும் கிணறு ஊறிக்கொண்டது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. ஊறுவதற்கு அவகாசமின்றி இறைத்த கிணறுகள் பல உவர்த்துப்போயின. கிணறு வற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். தண்ணீர் வந்துகொண்டேயிருக்கும், ஆனால் பயிர் கருகும்.

ஓயாமல் ஊழியஞ்செய்பவரின் நிலையும் இதுவே. அவரிடமிருந்து வேலை வந்துகொண்டேயிருக்கும். கூட்டங்கள் நடக்கும், கணக்குகள் எழுதப்படும், பொதிகள் பங்கிடப்படும். ஆனால் பேச்சில் உவர்ப்புத் தட்டும். "நான் ஒருவன்தானா எல்லாம் செய்வது?" என்பார். உதவி பெற வந்த ஏழையிடம் எரிந்து விழுவார். நன்றி சொல்லாதவர்களின் பெயர்களை மனத்திலே எழுதி வைப்பார். நீர் வற்றியிருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். உவர்த்ததோ மற்றவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

12-ம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெர்நார்து இதே கருத்தை வேறொரு உவமையாற் கூறியிருக்கிறார். வாய்க்கால் பெற்றதை உடனே விட்டுவிடும். குளமோ தான் நிறையும் வரை பொறுத்து, நிறைந்து வழிவதைத் தனக்குக் குறைவில்லாமற் கொடுக்கும். ஆதலால் வாய்க்காலாயிராமற் குளமாயிருங்கள் என்பது அவருடைய போதனை. அவருடைய மடத்துச் சீடர் ஒருவர் 1145-ம் ஆண்டு 3-ம் எவுஜேனியுஸ் என்ற பெயரிற் பாப்பரசரானபோது, அவருக்கென ஒரு நூலே எழுதினார். வழக்குகளும் அலுவல்களும் எவ்வளவு நல்லவையாயினும், தம்மைத் தாமே சிந்திக்க நேரமில்லாதவனுடைய இருதயம் மெல்ல மெல்லக் கடினமாகிவிடும் என்று அதில் எச்சரித்தார். திருச்சபையின் தலைவருக்கே இந்த எச்சரிப்புத் தேவைப்பட்டதென்றால், நமக்கு எவ்வளவு தேவை!

மார்த்தாளும் நல்ல சமாரித்தனும்

"ஆண்டவர் மரியாளையல்லவா புகழ்ந்தார்? அப்படியானால் செபமே மேலானது" என்று சிலர் வாதிப்பார்கள். லூக்காஸ் நற்செய்தியின் 10-ம் அதிகாரத்தில் அந்த நிகழ்ச்சிக்கு முன்னே என்ன இருக்கிறது என்று பாருங்கள். நல்ல சமாரித்தனின் உவமை இருக்கிறது! அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிப்போன குருவையும் லேவியனையும் கண்டித்து, காயங்கட்டிய அந்நியனைப் போல நீயும் செய் என்று முடிகிறது அந்த உவமை. அதையடுத்தே, அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த மரியாளின் புகழ்ச்சி வருகிறது. ஒன்றை மட்டும் வாசித்து நிறுத்திவிடக் கூடாதென்பதற்காகவே நற்செய்தியாளர் இரண்டையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்தார் என்று கொள்வது தவறாகாது.

ஆண்டவர் மார்த்தாளின் சமையலைக் கண்டிக்கவில்லை. அவர் சுட்டிக்காட்டியது அவளுடைய கவலையையும் கலக்கத்தையுமே. விருந்தினரை உபசரிக்கப் புகுந்தவள் விருந்தினரையே மறந்து, தன் சகோதரியின்மேற் குறை சொல்லத் தொடங்கிவிட்டாள். கிணறு உவர்க்கத் தொடங்கியதன் அடையாளம் அது. அதே மார்த்தாள்தான், தம்பி லாசர் இறந்தபோது ஆண்டவரை எதிர்கொண்டு போய், அவரே மெசியா, கடவுளின் குமாரன் என்று அறிக்கையிட்டவள் (அரு. 11: 27). குசினியில் நின்றவள் விசுவாசத்திற் குறைந்தவளல்லள்.

மலைமேலும் மலையடியிலும்

தாபோர் மலையிலே ஆண்டவர் உருமாறியபோது இராயப்பர் மூன்று கூடாரங்கள் அமைத்து அங்கேயே தங்கிவிட விரும்பினார். தியானம் முடிந்து வரும்போது நமக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் மலையடியிலே ஒரு தகப்பன் நோயுற்ற மகனோடு அழுதுகொண்டு நின்றான். மற்றச் சீடர்கள் எவ்வளவோ முயன்றும் பிள்ளையைக் குணமாக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று பின்னர் கேட்டபோது, இவ்வகைப் பேய் செபத்தினாலேயே போகும் என்றார் யேசு (மாற். 9: 29).

மேலே நின்றவர் இறங்க விரும்பவில்லை. கீழே நின்றவர்கள் செபமின்றிப் போராடித் தோற்றார்கள். ஒரே நாளில் இரு சாராரும் திருத்தப்பட்டார்கள். ஆண்டவர் ஒருவரே மலையிலும் இருந்தார், அந்தத் தகப்பனின் கண்ணீருக்கும் பதிலளித்தார்.

ஆகவே நம் ஒடுக்கம் உண்மையானதா, வெறும் ஓட்டமா என்று அறிய ஓர் உரைகல் உண்டு. இறங்கி வந்தபின் என்ன நடக்கிறது? வயதான பெற்றோருக்குச் சேரவேண்டியதை 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை ஆண்டவர் எவ்வளவு கடுமையாகச் சாடினார் என்பதை மாற்கு நற்செய்தி 7-ம் அதிகாரத்திற் காணலாம். பக்தியின் பெயராற் பெற்றோரைக் கைவிடுவதைக் கடவுள் காணிக்கையாக ஏற்பதில்லை. பாப்பரசர் பிரான்சிஸும் 2018-ம் ஆண்டில் பரிசுத்த வாழ்வைப் பற்றி எழுதிய திருமடலில், மௌனத்தை விரும்பி மனிதரைத் தவிர்ப்பதும், அமைதியைத் தேடி உழைப்பை ஒதுக்குவதும் ஆன்ம சுகத்துக்கு ஏற்றவையல்ல என்று தெளிவாகக் கூறினார்.

புனிதர்களின் சாட்சி

நம் நாட்டின் அப்போஸ்தலராகிய புனித யோசப் வாஸ் அடிகளாரை நினைத்துப் பாருங்கள். ஒல்லாந்தர் ஆட்சியிற் கத்தோலிக்க வேதம் தடைசெய்யப்பட்டிருந்த 1687-ம் ஆண்டிலே, ஏழைக் கூலியாள்போல வேடமிட்டு யாழ்ப்பாணம் வந்தவர் அவர். குருவானவர் இன்றிக் கிறிஸ்தவர்கள் பல்லாண்டுகளாகத் தவித்திருந்த காலம். அவருக்கு ஒரு நாளேனும் வீணாகலாமா? ஆனால் கண்டிக்குப் போனபோது, ஒற்றர் என்ற சந்தேகத்தின்பேரிற் சிறைவைக்கப்பட்டார். உலகத்தின் கணக்குப்படி அவை வீணாய்ப்போன நாட்கள். அவரோ அந்தத் தனிமையைச் செபத்துக்கும் சிங்கள மொழியைக் கற்பதற்கும் பயன்படுத்தினார். 1697-ம் ஆண்டிற் கண்டியில் அம்மை நோய் பரவியபோது, சொந்தக்காரரே கைவிட்டோடிய நோயாளரைத் தூக்கிப் பராமரித்தவரும் அவரே. அந்தக் கைகளின் வலிமை எங்கிருந்து வந்தது என்பதை அந்தச் சிறை அறியும். 2015 ஜனவரி 14-ல் கொழும்பிலே அவர் புனிதராக உயர்த்தப்பட்டதை நம்மிற் பலர் கண்ணாரக் கண்டோம்.

1927-ம் ஆண்டிலே பாப்பரசர் 11-ம் பத்திநாதர் வேதபோதக நாடுகளுக்கு இருவரைப் பாதுகாவலராக்கினார். ஒருவர், கடல்கடந்து நாடுநாடாக அலைந்து உழைத்த புனித பிரான்சிஸ் சவேரியார். மற்றவர், 15 வயதிற் கார்மேல் மடத்தினுள் நுழைந்து 24-ம் வயதில் அங்கேயே மரித்த குழந்தை யேசுவின் புனித தெரேசம்மாள். ஓடியுழைத்தவரையும் உள்ளிருந்து செபித்தவரையும் திருச்சபை ஒரே ஆசனத்தில் அமர்த்தியது.

நமது மண்ணிலும் இதற்கோர் அடையாளம் உண்டு. 1928-ம் ஆண்டில் தோமஸ் அடிகளார் தோலகட்டியில் ஆரம்பித்த செபமாலைத் தாசர் சபையை அறியாத கத்தோலிக்கர் வடபகுதியில் இல்லை. செபத்துக்கும் தவத்துக்கும் தங்களைக் கையளித்த அத்துறவிகள் கையால் உழைப்பவர்களும் ஆவர். அவர்களது திராட்சை ரசமும் நெல்லி ரசமும் அந்த உழைப்பின் பலன்களே. ஒரே கை செபமாலையும் பிடிக்கிறது, மண்வெட்டியும் பிடிக்கிறது.

யாருடைய ஓய்வு?

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். இங்கேதான் இக்கேள்வியின் கடினமான பகுதி இருக்கிறது.

ஓய்வுநாட் கட்டளை வேதாகமத்தில் இரண்டு இடங்களில் இருக்கிறது. யாத்திராகமத்தில், கடவுள் ஆறு நாளிற் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்தார் என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. உபாகமத்திலோ வேறு காரணம்: நீ எகிப்திலே அடிமையாயிருந்தாய், அதை நினைத்துக்கொள், உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே இளைப்பாறட்டும் என்கிறது அது. மாட்டுக்கும் கழுதைக்கும்கூட ஓய்வு கட்டளையிடப்பட்டிருக்கிறது. ஆகவே ஓய்வு என்பது வசதியுள்ளவன் தனக்கென எடுத்துக்கொள்ளும் சுகமல்ல. கைக்கு கீழே உழைப்பவனுக்கு அவன் கொடுக்க வேண்டிய நீதி. 1891-ம் ஆண்டிலே பாப்பரசர் 13-ம் சிங்கராயர் தொழிலாளரைப் பற்றி எழுதிய திருமடலில், ஞாயிறு ஓய்வைத் தொழிலாளரின் உரிமைகளோடு சேர்த்துப் பேசியதும் இதனாலேயே.

அப்படியானால், ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் ஓய்வெடுப்பவர் யார்? பூசை முடிந்து வந்து தகப்பனார் சாய்மனைக் கதிரையிற் பத்திரிகையோடு அமர்கிறார். பிள்ளைகள் கைத்தொலைபேசியோடு இருக்கிறார்கள். தாயோ, கோயிலுக்கு உடுத்த சேலையை மாற்றியதும் குசினிக்குட் போகிறார்; ஞாயிறென்பதால் மூன்று கறி அதிகம். கிழமையிலே ஆறு நாள் உழைத்தவருக்கு ஏழாம் நாள் இன்னும் பாரமான நாள். அவர் வருடத்தில் ஒருநாள் தியானத்துக்குப் போக விரும்பினால், "நீ போனால் வீட்டை யார் பார்ப்பது?" என்று கேட்கப்படுகிறது. கணவர் பங்குச் சபையில் ஓடியாடி உழைக்கவும், தியான இல்லத்தில் மூன்று நாள் மௌனமாயிருக்கவும் கூடியதாயிருப்பது, அவர் பெயரால் வேறொருவர் வீட்டிலே ஓய்வின்றி நிற்பதனாலேயே. இன்னொருவரின் களைப்பின்மேற் கட்டிய மௌனம் கடவுளின் செவியில் மௌனமாய் ஒலிக்குமா என்று ஒவ்வொரு குடும்பத் தலைவரும் தம்மைக் கேட்டுக்கொள்வாராக.

நம் பிள்ளைகளும் இதிலே அகப்பட்டிருக்கிறார்கள். பாடசாலை முடிந்ததும் ரியூசன், ஞாயிறு காலையிலும் ரியூசன். பரீட்சை முடிந்தபின் கோயிலுக்குப் போகலாம் என்று சொல்லி வளர்த்த பிள்ளை, வாழ்க்கை முழுவதையும் ஒரு பரீட்சையாகவே காணும். அதற்குப்பின் 'ஏன் செபிப்பதில்லை' என்று அதைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

செய்யத்தக்கவை சில

பெரிய திட்டங்கள் வேண்டியதில்லை. புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகள் முழுமையாக ஏறக்குறைய முப்பது நாட்களுக்குரியவை. எனினும், அலுவல்களை விட்டு வரமுடியாதவர்கள் தினமும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கித் தம் வீட்டிலிருந்தபடியே அவற்றைச் செய்யலாமென்று அவரே வழி வகுத்திருக்கிறார். அதுவும் இயலாதவர்களுக்குக் கால் மணி நேரம் இருக்கிறது. விடியற்காலையிலோ, படுக்கைக்குப் போகுமுன்னரோ, நற்செய்தியில் ஒரு பகுதியை வாசித்து, அன்றைய நாளை ஆண்டவர் முன் வைத்து அமர்ந்திருங்கள். அந்த நேரத்தில் தொலைபேசி வேறு அறையில் இருக்கட்டும்.

ஞாயிறு மதியச் சமையலை எளிமையாக்குங்கள். தகப்பனும் பிள்ளைகளும் குசினிக்குள் வரட்டும். ஒரு கறியோடு சேர்ந்துண்ணும் சாப்பாடு, தாயைக் களைப்பாக்கிய விருந்திலும் மேலானது.

வருடத்தில் ஒரு நாளாவது மனைவி தியானத்துக்குப் போகக் கணவர் வீட்டைப் பொறுப்பெடுக்கட்டும். படுக்கையில் நோயாளி இருக்கும் வீட்டாருக்கு அதுவும் முடியாது. அங்கேதான் பங்கிலுள்ள சபையாருக்கு வேலை இருக்கிறது. ஒரு நாள் அந்த நோயாளிக்குப் பக்கத்தில் இருந்து, பராமரிப்பவரைத் தியானத்துக்கு அனுப்பி வையுங்கள். ஒருவருடைய ஊழியம் மற்றவருடைய ஒடுக்கமாகும். சூரைச்செடி நிழலிலே சாக விரும்பிப் படுத்துக்கிடந்த எலியாஸ் தீர்க்கதரிசிக்கு வானதூதர் பிரசங்கம் செய்யவில்லை. உறங்கவிட்டு, அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். அந்தப் பலத்திலே அவர் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலையை அடைந்தார். அங்கே கடவுளைச் சந்தித்தபின், விட்டுவந்த ஊழியத்துக்கே திருப்பியனுப்பப்பட்டார். களைத்தவருக்கு அப்பமும் உறக்கமும் கொடுப்பது வானதூதர்களுக்குரிய பணி.

அன்பர்களே, ஒதுங்கியிருந்து செபிக்கும்போது நாம் ஒரு உண்மையை ஏற்றுக்கொள்கிறோம்: உலகத்தைக் காப்பாற்றுபவர் நாமல்ல, நாம் உறங்கும்போதும் காப்பவர் ஒருவர் இருக்கிறார். எழுந்து போய் அயலவனுக்கு உதவும்போதும் மற்றொரு உண்மையை ஏற்றுக்கொள்கிறோம்: காப்பவர் நம் கைகளைப் பயன்படுத்த விரும்புகிறார். அயல் வீட்டின் அடுப்பு எரியாதிருந்தால் முதலில் அரிசியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். தியானம் நாளைக்கும் இருக்கும். ஆனால் அந்த அரிசியை முகம் சுளிக்காமல், கணக்கு வைக்காமல், அடுத்த கிழமையும் கொண்டுபோக வேண்டுமல்லவா? அதற்காகவே கிணற்றை ஊறவிடுங்கள். உங்கள் வீட்டிலே இதுவரை ஊற விடப்படாத கிணறு யாருடையது என்று இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் ஒருவரையொருவர் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.